முதல் வந்த டாக்ஸி: டோக்கியோ சாரின் தாக்குதலும் எங்கட ஆஸ்பத்திரி வாசலும்

போன வருசம் கொழும்பில எங்கட ஆஸ்பத்திரியில ஒரு டிரில் நடந்திச்சு. எங்கயோ இரசாயன விபத்து ஒண்டு நடந்து ஆக்கள் கூட்டம் கூட்டமா வந்து இறங்கினா என்ன செய்வம் எண்டு பாக்கிறதுக்கு. நேர்சிங் ஸ்கூல் பிள்ளைகள் ஒரு முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கழுத்தில அட்டை கட்டி விட்டிருந்தாங்க, ஒருத்திக்கு மூச்சுத் திணறல், ஒருத்திக்கு வாந்தி, ஒருத்திக்கு மயக்கம். கார் பார்க்கில கூடாரம், மஞ்சள் நாடா, பிளாஸ்டிக் உடுப்புப் போட்டு வேர்த்து ஒழுகிக்கொண்டு நாலு பேர். சுவரோரமா ஒரு குழாய் புதுசாப் பொருத்தியிருந்தாங்க, வாறவங்களை உள்ள விடுறதுக்கு முதல் அதிலதான் கழுவோணும். திறந்தா காத்துத்தான் வந்திச்சு. எல்லாரும் சிரிச்சம், நானும்தான்.

ஆனா எனக்கு மண்டைக்குள்ள நிண்டது குழாய் இல்ல. ஒரு பிள்ளை, கழுத்தில "நச்சு வாயு, கண் மங்கல்" எண்ட அட்டையோட, கூடாரத்தைத் தாண்டி நேர ஓபிடிக்குள்ள நடந்து, கிளினிக்குக்கு வந்து லயின்ல நிண்ட சனத்துக்கு நடுவால போய், டொய்லட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா. ஒருத்தரும் மறிக்கேல்ல. செக்கியூரிட்டி ஐயா கதவைத் திறந்து விட்டவர், படி கவனம் நங்கி எண்டு வேற சொன்னவர். பின்னேரம் ரிப்போர்ட்டில இந்தக் கதை வரேல்ல. குழாய்க் கதை மட்டும் ஒரு வரி வந்தது, மற்றபடி எல்லாம் திருப்திகரமாம்.

அந்தப் பிள்ளை செய்தது பிழை இல்ல, அவசரம் எண்டா யாரும் போவாங்கதானே. 1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி டோக்கியோ சுரங்க ட்ரெயின்கள்ல சாரின் எண்ட நரம்பு நஞ்சை விட்டபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், அங்க அட்டை மட்டும் இல்ல. அந்தச் சம்பவத்தை நான் பல வருசமா தேடித் தேடி வாசிக்கிறன், ஏன் எண்டா நான் வவுனியாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில நேர்சா இருந்த காலத்தில தினம் கண்ட ஒரு விசயத்துக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அதைப் பிறகு சொல்லுறன்.

அந்தத் திங்கட்கிழமை

காலமை 8 மணி, வேலைக்குப் போற நேரம். எங்கட கோட்டை ஸ்டேசன்ல பாணந்துறைப் பக்க ட்ரெயின் வந்து நிக்கேக்க கதவில தொங்கிக்கொண்டு வாற சனத்தை நினைச்சுப் பாருங்க, அதே சனம், ஆனா நிலத்துக்குக் கீழ, யன்னல் பூட்டின பெட்டிக்குள்ள. ஓம் ஷின்ரிக்கியோ எண்ட ஒரு மதக் குழுவில இருந்து அஞ்சு பேர், மூண்டு லைன்ல அஞ்சு ட்ரெயின்ல ஏறினாங்க. அஞ்சு பேர்ல ஒருத்தர் இருதய சத்திரசிகிச்சை டொக்டர். இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு வயித்தைப் பிரட்டினது, தியேட்டர்ல அப்பிடியான கையளுக்குத்தான் நாங்க க்ளவ்ஸ் போட்டு விடுறது. பேப்பர்ல சுத்தின பிளாஸ்டிக் பைகள், உள்ள சாரின் திரவம். குடை நுனியால குத்திட்டு அடுத்த ஸ்டேசன்ல இறங்கிப் போய்ட்டாங்க. அஞ்சு ட்ரெயினும் போய்ச் சேருற திசை கஸுமிகசெக்கி, அமைச்சுகளும் பொலிஸ் தலைமையகமும் இருக்கிற இடம்.

பிறகு நடந்ததுகளைப் பாத்தா ஒவ்வொண்டும் நல்ல மனுசர் செய்யக்கூடிய வேலை. ஒரு பயணி ஈரமான பார்சலை காலால தட்டி பிளட்ஃபோர்முக்குத் தள்ளி விட்டார், பெட்டிக்குள்ள இருந்தவங்களைக் காப்பாத்தத்தான், ஆனா அந்த பிளட்ஃபோர்ம்ல நிண்டவங்கள் செத்தாங்க. கஸுமிகசெக்கியில ஸ்டேசன் ஊழியர்கள் ஏதோ ஊத்துப்பட்டுக் கிடக்கு எண்டு கையாலயே எடுத்துத் துடைச்சாங்க, அதில ரெண்டு பேர் உயிரோட வீட்டுக்குப் போகேல்ல. ஒரு ட்ரெயின் பார்சலோடயே கன தூரம் ஓடிச்சு, ஏன் எண்டா நிப்பாட்டுறதுக்கு யாருக்கும் காரணம் தெரியாது.

மொத்தமா செத்தது 13 பேர், பிறகு கன வருசம் படுக்கையில கிடந்த ஒரு அம்மா 2020இல போய்ச் சேர்ந்தா, அவவோட 14. ஆஸ்பத்திரிகளுக்குப் போனவங்கட எண்ணிக்கை 5,500 அளவில. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில இருக்கிற இடைவெளியிலதான் பாதுகாப்புக் கொள்கை எண்டு சொல்லுற சாமான் முழுக்கக் கிடக்கு, செத்தவங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தா விளங்காது.

அந்த 5,500 பேர்ல அம்புலன்ஸ்ல போனது 688 பேர்தான். மிச்ச ஆக்கள் நடந்தும், டாக்ஸி பிடிச்சும், வழியில போன கார்க்காரங்களைக் கெஞ்சியும் தாங்களாவே போனாங்க. ஸ்டேசன் வாசல்ல தீயணைப்புப் படை கூடாரம் அடிச்சுக் கழுவி வரிசைப்படுத்தி அனுப்பும் எண்டு எந்தப் புத்தகத்தில எழுதியிருந்தாலும், கண் இருட்டிக்கொண்டு வாற மனுசன் கூடாரத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டான். கொழும்பில அது த்ரீவீல். நாங்க 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடிச்ச அண்டு கண்ணால கண்டதுதானே, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில இருந்து ரத்தத்தோட ஆக்களை ஏத்திக்கொண்டு கொட்டாஞ்சேனைப் பெடியங்கள் ஓடின ஓட்டம்.

ஆஸ்பத்திரிக்குள்ள மூண்டு மணித்தியாலம்

சென்ட் லூக்ஸ் எண்டு ஒரு ஆஸ்பத்திரி, ட்ரெயின் லைனுக்குக் கிட்ட. முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 500 பேரளவில வந்திட்டாங்க, அண்டைக்கு முழுக்க 640 பேர். டிரெக்டர் மற்ற எல்லா வேலையையும் நிப்பாட்டி வாசலைத் திறந்து விடச் சொன்னார், சின்ன ஆலயம் ஒண்டு ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தது, அதையும் வார்டாக்கினாங்க. துணிச்சலான முடிவு, நான் கை கூப்புறன். ஆனா வந்தவங்களுக்கு என்ன நடந்தது எண்டு உள்ள ஒருத்தருக்கும் தெரியாது. முதல் வந்த தகவல் வெடிவிபத்து மாதிரி. தீயணைப்புக்காரர் ஏதோ ஒரு வேற இரசாயனத்தைக் கண்டுபிடிச்சதா சொன்னாங்க, அது பிழையான விடை. வாறவங்கள் எல்லாருக்கும் கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கு, நல்ல வெயில் காலமையில உலகமே மங்கிப் போச்சு எண்டு சொல்லுறாங்க, மூக்கால ஒழுகுது, வாந்தி.

பொலிஸ் அது சாரின்தான் எண்டு அறிவிச்சது 11 மணியளவில. ஆஸ்பத்திரிக்காரருக்கு அதை யார் சொன்னது எண்டு நினைக்கிறீங்க? டிவி. உத்தியோகபூர்வமா ஒரு போன் வரேல்ல, வெயிட்டிங் ரூம் டிவியில நோயாளியும் டொக்டரும் ஒண்டாப் பாத்துத்தான் தெரிஞ்சுகொண்டாங்க.

டிவிக்கு முந்தி உதவியா வந்தது ஒரு போன், மட்சுமோட்டோப் பக்கம் ஷின்ஷு பல்கலைக்கழக ஆஸ்பத்திரி டொக்டர் ஒருத்தர் எடுத்தது. அவர் செய்தியைப் பாத்திட்டு, இது நாங்க போன வருசம் பாத்த அதே நோய், ஒர்கனோபொஸ்பேட் பூச்சிமருந்து நஞ்சுக்குப் பாக்கிற மாதிரி வைத்தியம் பாருங்க எண்டு சொன்னார். அவருக்கு எப்பிடித் தெரியும்? ஏன் எண்டா இதே குழு 1994 ஜூன் 27 இரவு மட்சுமோட்டோ நகரத்தில சாரின் விட்டு 7 பேரைச் சாகடிச்சிருந்தது. அதாவது வைத்தியம் தெரிஞ்ச ஆக்கள் நாட்டில இருந்தாங்க, நோயாளிகளும் இருந்தாங்க, ரெண்டையும் இணைக்க ஒரு மனுசன் தானா நினைச்சு போன் எடுக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு போன்தான் எனக்கு முழுக் கதையும்.

இதுக்கிடையில உள்ள என்ன நடக்குது? உடுப்புக் கழட்டேல்ல, கழுவேல்ல. நோயாளிகளின்ட உடுப்பில ஊறிக் கிடந்த சாரின் மெல்ல மெல்ல ஆவியாகுது. மார்ச் மாசக் குளிர், யன்னல் எல்லாம் பூட்டு. பிறகு கணக்கெடுத்தபோது பதில் சொன்ன 472 ஊழியர்கள்ல 110 பேருக்கு கண் மங்கல், தலையிடி எண்டு அறிகுறி வந்திருந்தது. அம்புலன்ஸ் ஆக்கள் 1,364 பேர்ல 135 பேருக்கு. நல்ல காலம், அந்தச் சாரின் சுத்தமில்லாத சரக்கு, அதால உதவ வந்தவங்கள் பிழைச்சாங்க. ஆஸ்பத்திரி தப்பினது திட்டத்தாலயா எண்டு கேட்டா இல்ல, எதிரியின்ட கைமோசத்தாலதான்.

பாதுகாப்புப் படையின்ட இரசாயனப் பிரிவும் வந்திச்சுதான், முகமூடி உடுப்பு எல்லாம் போட்டு ட்ரெயினையும் ஸ்டேசனையும் கழுவினாங்க, படங்கள்ல பாத்திருப்பீங்க. ஆனா ஆக்கள் அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திட்டாங்க.

தெரிஞ்சிருந்தது, அதுதான் வயித்தெரிச்சல்

இதுக்கு முதலே எவ்வளவு தெரிஞ்சிருந்தது எண்டு பாத்தா கோபம் வரும். மலையடிவாரத்தில கமிகுஇஷிகி எண்ட ஊர்ல அந்தக் குழுவின்ட கட்டடங்கள், 1994 ஜூலையில ஊர்ச்சனம் நாத்தம் எண்டு முறைப்பாடு குடுத்தது. மண்ணை எடுத்துச் சோதிச்சதில சாரின் செய்தா மிஞ்சுற எச்சம் கிடைச்சது. 1995 புதுவருசத்தண்டு அது ஒரு பெரிய பத்திரிகையில முதல் பக்கத்தில வந்தது. மார்ச் 20க்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு! பொலிஸ் சோதனைக்கு நாள் குறிச்சது மார்ச் 22, அதுக்கு இராணுவத்திட்ட முகமூடி வாங்கிப் பயிற்சி கூட எடுத்தாங்க. செய்தி கசிஞ்சு குழுவுக்குப் போச்சு, அவங்கள் ரெண்டு நாள் முந்தினாங்க. ஆக குற்றவாளிக்கு தகவல் போச்சு, ஆஸ்பத்திரிகளுக்குப் போகேல்ல. முகமூடி வாங்கின பொலிஸ் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இந்த நஞ்சுக்கு மாத்து மருந்தான அட்ரோபின் ஒரு பெட்டி கூடுதலா வச்சிருங்கோ எண்டு சொல்லியிருந்தா கூட எவ்வளவு மாறியிருக்கும்.

மட்சுமோட்டோவில இன்னொரு விசயம் நடந்தது, இதை எங்கட ஆக்கள் சட்டெண்டு பிடிப்பாங்க. முதல்ல போன் பண்ணி உதவி கேட்ட மனுசனையே பொலிஸ் சந்தேகப்பட்டது, அவர் வீட்டில பூச்சிமருந்தும் வேற இரசாயனங்களும் இருந்ததாம், பத்திரிகை எல்லாம் அவர்தான் எண்டு எழுதித் தள்ளிச்சு. அவற்ற மனிசி கோமாவில கிடக்கேக்க. டோக்கியோ தாக்குதலுக்குப் பிறகுதான் அவர் மேல இருந்த சந்தேகத்தை விட்டாங்க. யூரியாவும் பற்றரியும் கொண்டு போகேலாது எண்டு யுத்த நேரம் ஓமந்தைச் சோதனைச்சாவடியில பையைக் கொட்டிப் பாத்த காலத்தைக் கண்ட எங்களுக்கு இது புதுசில்ல. வீட்டில இருக்கிற சாமானை வச்சு ஆளை முடிவெடுக்கத் தொடங்கினா உண்மையாச் செய்தவன் அடுத்த தெருவில நிம்மதியாச் சமைப்பான்.

பிறகு ஜப்பான் வேகமா ஓடிச்சு. ஒரு மாசத்துக்குள்ள சாரினைத் தடை செய்ற சட்டம், அதே வருசம் இரசாயன ஆயுதங்களைத் தடை செய்ற சர்வதேச ஒப்பந்தமான இரசாயன ஆயுத சாசனத்தையும் ஏற்பு செய்தது. தலைவர் ஷோகோ அசஹாராவோட சேத்து 13 பேரை 2018 ஜூலையில தூக்கில போட்டாங்க.

எங்கட பக்கம்

இந்த இடத்தில எங்கட ஆக்கள் கதைக்க விரும்பாத ஒண்டைச் சொல்லித்தான் ஆகோணும். டோக்கியோவுக்கு அஞ்சு வருசம் முந்தி, 1990 ஜூன் 18, மட்டக்களப்பு கிழக்குக் கிரான் இராணுவ முகாம் மேல புலிகள் குளோரின் வாயு விட்டாங்க. கிட்ட இருந்த காகித ஆலையின்ட குளோரின் சிலிண்டர்கள். 60க்கு மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டாங்க. அரசு இல்லாத ஒரு இயக்கம் இரசாயனத்தை ஆயுதமாக்கினதுக்கு முதல் உதாரணங்கள்ல ஒண்டா வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைத்தான் எழுதுறாங்க. அதை மூடி வச்சுக்கொண்டு சிரியாவைப் பற்றியும் ஈராக்கைப் பற்றியும் மட்டும் கதைக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. அதில பாக்க வேண்டியது சாமான் எங்க இருந்து வந்தது எண்டு. இரகசிய லாப் ஒண்டும் இல்ல, கடதாசி வெளுக்கிற குளோரின். அதே குளோரின்தான் அம்பத்தலையில களனி ஆத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ணி எங்கட வெள்ளவத்தைக் குழாய்க்கும் கொட்டாஞ்சேனைக் குழாய்க்கும் அனுப்புது. அதை நிப்பாட்டேலாது, நிப்பாட்டினா வயித்தோட்டத்தில கூடச் சனம் சாகும்.

சட்டப்படி பாத்தா இலங்கை பின்னுக்கு நிண்ட நாடு இல்ல. சாசனம் 1993 ஜனவரியில கையெழுத்துக்குத் திறந்த கையோட கையெழுத்து வச்சது, 1994 ஓகஸ்ட்ல ஏற்பு செய்தது, ஜப்பானுக்கு ஒரு வருசம் முந்தி. சாசனம் 1997 ஏப்ரல் 29 அமுலுக்கு வந்தது. ஆனா உள்நாட்டுச் சட்டம் வந்தது 2007இல, இரசாயன ஆயுத சாசனச் சட்டம், 58ஆம் இலக்கம். கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில பதினாலு வருசம், அந்தப் பதினாலு வருசத்தில கன காலம் நாட்டில யுத்தம். இந்தச் சட்டத்தைப் பாக்கிற தேசிய அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ இல்ல, கைத்தொழில் அமைச்சுக்குக் கீழதான் வச்சிருந்தாங்க. முதல்ல கேக்கச் சிரிப்பு வரும், யோசிச்சா அது சரிதான். பேனா மை, சாயம், கிரீம், பூச்சிமருந்து எண்டு சாதாரணத் தொழிலுக்கு வாற சாமான்கள்ல சிலதுதான் பிழையான கைக்குப் போனா ஆபத்து, அதால எந்தக் கொம்பனி எவ்வளவு இறக்குது, யாருக்கு விக்குது எண்டு கணக்குப் பாக்கிற வேலை அது, துவக்கால செய்யிற வேலை இல்ல. இராணுவப் பொறியியல் படையிலயும் இதுக்கெண்டு ஒரு பிரிவு இருக்கு. என்ட கேள்வி வேற. அதிகாரசபையில இருக்கிற கணக்கு, இராணுவத்தில இருக்கிற உடுப்பு, துறைமுகத்தில இருக்கிற கொள்கலன் லிஸ்ட், இதில ஏதாவது ஒண்டு இரவு ரெண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில, ஈடியூ டியூட்டியில நிக்கிற சின்ன டொக்டருக்கு வந்து சேருமா?

சேராது எண்டதுக்கு எங்களிட்ட ரெண்டு பாடம் இருக்கு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தியே வெளிநாட்டு உளவுத் தகவல் வந்து கடதாசியில கிடந்தது, உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில முன்னாள் ஜனாதிபதியையே 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது அதுக்காகத்தான். இரண்டாவது 2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல். 25 தொன் நைத்திரிக் அமிலம் அதில, கொள்கலன் ஒழுகுது எண்டு கப்பல்காரருக்கு கொழும்புக்கு வாறதுக்கு முதலே தெரியும், கட்டார்லயும் இந்தியாவிலயும் துறைமுகங்கள் அந்தப் பெட்டியை இறக்க விடேல்ல. மே 20 தீ பிடிச்சது. கப்பல் எரிஞ்ச நாட்கள்ல நான் மொட்டைமாடியில ஏறிப் பாத்தனான், அடிவானத்தில கறுப்பா ஒரு தூண் சாய்ஞ்சு நிக்குது, கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட உடுப்பை அவசர அவசரமா எடுக்கிறா. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அந்தப் புகையில என்ன இருக்கு எண்டு எனக்கு யாரும் சொல்லேல்ல, நான் ஒரு நேர்ஸ், எனக்கே இல்லயெண்டா அந்த அம்மாவுக்கு யார் சொல்லுறது.

இடையில ஒரு சின்ன விசயம், சில பேர் கேக்கிறது. 2022இல காலிமுகத்திடல்லயும் கோட்டையிலயும் எங்கட கண்ணுக்குள்ள போன கண்ணீர்ப்புகையும் இரசாயன ஆயுதம்தானே எண்டு. சாசனப்படி யுத்தத்தில அதைப் பாவிக்கத் தடை, ஆனா சொந்த நாட்டுச் சனத்தைக் கலைக்கப் பொலிஸ் பாவிக்கலாம். எதிரிப்படைக்கு அடிக்கேலாத சாமானை எங்களுக்கு அடிக்கலாம். சட்டம் அப்பிடித்தான்.

நாற்பத்தஞ்சு அம்பியூல்

இப்ப வவுனியாக் கதைக்கு வாறன். சாரினும் வயலுக்கு அடிக்கிற ஒர்கனோபொஸ்பேட் பூச்சிமருந்தும் ஒரே குடும்பம். வீரியம்தான் மலைக்கும் மடுவுக்கும். உடம்பில செய்யிற வேலை ஒண்டுதான், நரம்பு குடுக்கிற சேதியை முடிச்சு வைக்கிற என்சைமை அமத்திப் போடும், சேதி நிக்காம ஓடிக்கொண்டே இருக்கும், அதால வேர்வை, எச்சில், நெஞ்சில சளி, ஊசிமுனைக் கண். டோக்கியோ டொக்டர்மாரைக் குழப்பின அந்தக் கண்ணை எங்கட கிராமத்து வார்ட் அட்டெண்டன் வாசல்ல நிண்டே சொல்லுவார்.

அந்த நாள்ல ஒரு இரவு டியூட்டி. பூச்சிமருந்து குடிச்ச ஆளை ட்ராக்டர் பெட்டியில போட்டுக் கொண்டு வந்தாங்க, மண்ணெண்ணெயும் உள்ளியும் கலந்த மாதிரி ஒரு மணம், சட்டை நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு. முதல் வேலை சட்டையை வெட்டிக் கழட்டி சொப்பிங் பேக்கில போட்டு முடிச்சுப் போட்டு வெளிய வைக்கிறது, பெரிய மிஸ், எங்கட மூத்த நேர்ஸ், அதில கண்டிப்பு, தம்பி சட்டை உள்ள வரக்கூடாது எண்டு சத்தம் போடுவா. (சென்ட் லூக்ஸ்ல அண்டைக்கு எங்கட மிஸ் ஒருத்தி இருந்திருக்கோணும் எண்டு நான் எத்தினையோ தரம் நினைச்சிருக்கிறன்.) பிறகு அட்ரோபின். எங்களிட்ட வாற அம்பியூல் ஒண்டு 0.6 மில்லிகிராம். மூண்டு அம்பியூல் குடுத்து அஞ்சு நிமிசம் பாக்கிறது, நெஞ்சில சளிச்சத்தம் குறையேல்ல, ஆறு, குறையேல்ல, பன்னிரண்டு, பிறகு இருபத்திநாலு. கூட்டிப் பாருங்க, நாற்பத்தஞ்சு. கால் மணித்தியாலத்துக்குள்ள நாற்பத்தஞ்சு கண்ணாடிக் கழுத்தை ஒவ்வொண்டா முறிக்கோணும், ரெண்டு பேர் நிண்டு முறிச்சாலும் பெருவிரல் வெட்டுப்படும், ரத்தத்தைப் பஞ்சால சுத்திக்கொண்டு அடுத்ததை முறிப்பம். மிஸ் அக்குளுக்குள்ள கையை வச்சுப் பாத்து, காய்ஞ்சிட்டுது, போதும் எண்டு சொல்லும் வரைக்கும். மொனிட்டர் எல்லாம் பிறகு, அக்குள்தான் எங்களுக்கு மீட்டர்.

அதோட முடியாது. ரெண்டு மூண்டு நாள் கழிச்சு ஆள் நல்லா இருக்கிறார், கதைக்கிறார் எண்டு பாத்தா திடீரெண்டு மூச்சு நிண்டிடும். அதைப் பிடிக்கிறதுக்கு ஒரு சின்ன வேலை, தலையணையில இருந்து தலையைத் தூக்குங்கோ ஐயா எண்டு காலமை பின்னேரம் கேக்கிறது. தூக்கேலாட்டி உடன ஐசியூ. இந்த நிலைமைக்கு உலகம் முழுக்க இப்ப இன்டர்மீடியட் சின்ட்ரோம் எண்டு பேர், அதை முதல் விவரிச்சு 1987இல எழுதினது எங்கட நாட்டு டொக்டர்மார் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். அமத்துப்பட்ட என்சைமைத் திருப்பி எழுப்புற பிரலிடொக்ஸைம் மருந்து, வார்ட்ல பாம் எண்டுதான் சொல்லுவம், 2019க்குப் பிறகு அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லுறதில்ல, அது பூச்சிமருந்துக்கு உண்மையா உதவுதா எண்டு பாத்த ட்ரயலும் இங்க நடந்து 2009இல வந்தது, பலன் காணேல்ல. சாரினுக்கு அது வேற கணக்கு, நேரத்துக்குக் குடுத்தா வேலை செய்யும், ஜப்பான்காரர் அண்டைக்கு அதை வேற நகரத்தில இருந்து புல்லட் ட்ரெயின்ல எடுப்பிச்சாங்க.

என்னைக் கேட்டா இலங்கையின்ட மிகப் பெரிய இரசாயனப் பாதுகாப்பு வெற்றி யாருக்கும் தெரியாத ஒரு ஒஃபிஸ்ல நடந்தது. பீடைகொல்லிப் பதிவாளர் 1984இல பரத்தியனையும் 1995இல மிஞ்சின கடும் நஞ்சுகளையும் 2008க்குப் பிறகு டைமெத்தொயேற், பென்தியன், பரகுவாற்றையும் ஒண்டொண்டாக் கடையில இருந்து தூக்கினார். நெல் விளைச்சல் குறையேல்ல. உச்சத்தில இருந்த தற்கொலை வீதம் அடுத்த இருபது வருசத்தில 70 வீதமளவு விழுந்தது. ஒரு துப்பாக்கியும் இல்ல, அணிவகுப்பும் இல்ல. பாதுகாப்பு பட்ஜெட்டில ஒரு வரிக்குக் கூட இது வராது.

அப்ப எங்களிட்ட இருக்கிறது என்ன? நஞ்சியலில உலகத்துக்கே பாடம் சொன்ன டொக்டர்மார், அக்குளைத் தொட்டுப் பாத்தே டோஸ் சொல்லுற மிஸ்மார், 1988இல இருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலையில ஒரு நச்சுத் தகவல் நிலையம். ஆனா அந்தக் கைப்பழக்கம் கூட இருக்கிறது அனுராதபுரம், பொலனறுவை, வவுனியா. சனநெரிசலும் துறைமுகமும் ஐந்து நட்சத்திர ஹோட்டலும் இருக்கிறது கொழும்பு. கொழும்பில படிச்சு கொழும்பிலயே வேலைக்கு வந்த எங்கட வார்ட் பிள்ளைகள்ல பாதிப் பேர் ஒரு கடுமையான ஒர்கனோபொஸ்பேட் கேஸைக் கண்ணால கண்டதில்ல, நஞ்சுகளைத் தடை செய்ததால வந்த நல்ல விசயம்தான் அது, அதுக்காக அழேலாது. ஆனா மட்சுமோட்டோ டொக்டர் மாதிரி யாராவது தானா நினைச்சு போன் எடுப்பார் எண்டு நம்பிக்கொண்டிருக்கேலாதே.

நான் கேட்டது பெருசில்ல. டிரில் முடிஞ்ச பிறகு மேல ஒரு கடிதம் குடுத்தனான், மூண்டு விசயம் எழுதி. ஓபிடி கதவை மூடி ஆக்களை ஒரு வாசலுக்குத் திருப்புற அதிகாரம் டியூட்டியில நிக்கிற செக்கியூரிட்டிக்கே வேணும், டிரெக்டரை எழுப்பிக் கேட்டுக்கொண்டு நிக்கேலாது. வன்னிப் பக்கத்தில இருந்து ஒரு பழைய மிஸ்ஸைக் கூப்பிட்டு எங்கட பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் காட்டச் சொல்லுங்க. அட்ரோபின் ஸ்டோர்ல எத்தினை அம்பியூல் இருக்கு எண்டு ஈடியூ சுவர்ல எழுதிப் போடுங்க. 2022இல மருந்தில்லாம நாங்க பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த மூண்டாவதை யாரும் மறுக்கமாட்டாங்க எண்டு நினைச்சன், ஸ்டொக் எண்ணிக்கை வெளியாக்களுக்குத் தெரியக்கூடாதாம். மற்ற ரெண்டுக்கும் பதில் இன்னும் வரேல்ல. என்னோட வேலை செய்யிற அண்ணை ஒருத்தர் சிங்களத்தில கேட்டார், மல்லி, உனக்கு ஏன் இந்தப் பைத்தியம், கொழும்பில யார் சாரின் விடப் போறான் எண்டு. 2017இல கோலாலம்பூர் எயார்போர்ட்டில சனத்துக்கு நடுவில ஒரு ஆளின்ட முகத்தில நரம்பு நஞ்சைத் தடவிச் சாகடிச்சாங்களே, அண்டைக்கு அந்த எயார்போர்ட்டில வேலை செய்தவங்களும் இதைத்தானே சொல்லியிருப்பாங்க எண்டன். அவர் பிளேன்டியைக் குடிச்சிட்டு ஒண்டும் சொல்லாமப் போய்ட்டார்.

குழாய் மட்டும் திருத்தியாச்சு. இப்ப நல்ல வேகமாத் தண்ணி வருது, அதால வாசல்ல நிக்கிற த்ரீவீல்காரர் எல்லாம் அதில வண்டி கழுவத் தொடங்கிட்டாங்க, சேறும் சகதியும். போன மாசம் அதுக்கு ஒரு இரும்புப் பெட்டி அடிச்சுப் பூட்டுப் போட்டாங்க. சாவி ஓவசியரிட்ட. அவருக்கு டியூட்டி நாலு மணி வரைக்கும்.